முப்பத்தொன்றாம் பக்கத்து பிஸ்கட்

கதாநாயகி பிஸ்கட் சாப்பிடக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்தது.

பிரிசில்லா அப்போது மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். சபையின் கிளைத் தலைவர் ராஜமாணிக்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

'சகோதரி, தங்கள் நாவல் குறித்துக் கருத்து வந்திருக்கிறது. பக்கம் 31. அப்பா பையோடு பஸ் ஏறப் போகும்போது நித்யா வாசலில் நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று உள்ளது. அவள் அப்போது பிஸ்கட் சாப்பிட்டிருக்க மாட்டாள். எடுத்துவிடலாம்.'

பிரிசில்லா துணிகளைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு இன்னொரு தரம் படித்தாள். ஒரு தகப்பன் குடும்பத்தை விட்டுப் போகிற அத்தியாயம் அது. அதை எழுதிய இரவுகளில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதில் இந்த மனிதர் கண்ணில் பட்டது பிஸ்கட்.

கடலூர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அவள் டைப்பிஸ்ட். பகல் முழுக்க 'மேற்படி', 'சொல்லப்பட்ட' என்று அடித்த விரல்கள் வீட்டுக்கு வந்ததும் நித்யாவைப் பற்றி அடித்தன. நித்யாவுக்குப் பதினாறு வயது. மூக்குக்கண்ணாடி. அவள் வீட்டில் டீ, காப்பி கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். ஊரார் மார்மன் என்று சொல்கிற சபையில் ஞானஸ்நானம் பெற்ற பெண். 'நீ எந்தச் சர்ச்?' என்று பள்ளியில் யாராவது கேட்டால், அவள் முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

இப்படி ஒரு பெண்ணைப் பற்றித் தமிழில் எந்தப் புத்தகமும் பிரிசில்லாவின் கண்ணில் பட்டதில்லை. கடலூரிலேயே இப்படி ஒரு பெண் ஒருத்திதான் இருந்தாள். அவள் பிரிசில்லாவின் மகள் சத்யப்பிரியா.

கணவன் எழிலன் வீட்டை விட்டுப் போன பிறகு சத்யா அம்மாவிடம் பேசுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. "ம்", "சரி", "சார்ஜர் எங்க?" இந்த மூன்றில் ஒரு நாள் ஓடிவிடும். பிரிசில்லாவுக்கும் நேராகப் பேச வாய் வருவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தாள். புத்தகம் அச்சாகி வந்ததும் மகள் கையில் கொடுப்பாள். மகள் ஒரே மூச்சில் படிப்பாள். படித்து முடித்து, "அம்மா, உனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக மொத்த நாவலையும் எழுதியிருந்தாள். அதுவரை மகளுக்கு ஒரு வரிகூடக் காட்டுவதாக இல்லை.

கிளைத் தலைவரிடம் காட்டச் சொன்னது பதிப்பாளர் காசிம் பாய். சிதம்பரத்தில் அவருடைய அல்மாஸ் அச்சகம் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் பள்ளிக்கூட வழிகாட்டிகளுக்கும் பேர் போனது. இப்போது இளையோர் புத்தக வரிசை ஒன்றும் ஆரம்பித்திருந்தார்.

முதல் சந்திப்பிலேயே கேட்டார்: "நெசமாவே நீங்க டீ குடிக்க மாட்டீங்களா?"

"மாட்டோம் பாய். சாராயம், டீ, காப்பி எதுவும் கிடையாது."

"நாங்க ஒன்ன வுட்டதுக்கே உலகம் எங்கள ஒரு மாதிரி பாக்குது. நீங்க கூட ரெண்ட வுட்டிருக்கீங்க." மெச்சுதலோடு தலையாட்டியவர், எதற்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை காட்டிவிடச் சொன்னார். "பின்னாடி யாரும் எங் கடை வாசல்ல வந்து நிக்கக் கூடாது, பாருங்க."

எனவே பிரதி ஒன்று எடுத்து, பழுப்பு உறையில் போட்டு, ராஜமாணிக்கத்திடம் கொடுத்தாள். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். உறையைக் கையில் வைத்து எடை பார்த்தார். "கனமாத்தான் எழுதியிருக்கீங்க சிஸ்டர்," என்றார்.

அடுத்த ஞாயிறு, மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடைக்கு மேலே இருக்கிற சபைக் கூடத்தில் ஆராதனை முடிந்ததும், அவரை மடக்கினாள்.

"பிரதர், பிஸ்கட்ல என்னா தப்பு?"

"எனக்கு என்னாம்மா தெரியும்? வந்தத அனுப்பறேன்."

"யாருகிட்டேருந்து வந்தது?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"மேலேருந்தா?"

ராஜமாணிக்கம் மேலே பார்த்தார். மேலே மின்விசிறி ஒன்று ஆடி ஆடிச் சுற்றிக்கொண்டிருந்தது. மின்வாரியத்துக்காரர் எந்த அறைக்குப் போனாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார். பிரிசில்லாவோ அந்தப் பார்வையைச் சென்னை என்று எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் வெளியே சொல்ல முடியாத பெருமை. சென்னையில் ஒரு நீள மேசை, அதைச் சுற்றிக் கோட்டுப் போட்ட ஆட்கள், நடுவில் நித்யாவின் பிஸ்கட்.

சரி, பிஸ்கட்தானே. அதை எடுத்துவிட்டு, நித்யா வாசலில் நின்று கையை ஆட்டியதாக மாற்றினாள். திருத்திய பக்கங்கள் அதே பழுப்பு உறையில் போயின.

ஞாயிறு சாயங்காலம் செய்தி வந்தது. 'பக்கம் 31. கையையும் ஆட்டவில்லை. பக்கம் 9. டியூஷன் விட்டு வரும்போது நித்யா டீக்கடையில் டீ குடிக்கிறாள். அம்மா அதை பஸ்ஸிலிருந்து பார்த்துவிடுகிறார். பார்த்தும் மகளிடம் ஏன் கேட்கவில்லை? கதையில் காரணம் இல்லை.'

இது பிரிசில்லாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் காட்சி கற்பனை இல்லை. திருப்பாதிரிப்புலியூர் டீக்கடை ஒன்றில், இரண்டு தோழிகளுக்கு நடுவே, கண்ணாடியில் ஆவி படிய சத்யா நின்றதை அவள் டவுன் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள் மகள். சிரித்துக்கொண்டிருந்தாள். பிரிசில்லா அடுத்த நிறுத்தத்தில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. கேட்டால் மகள் ஏதாவது பதில் சொல்வாள், அந்தப் பதிலுக்குத் தன்னிடம் பதில் இருக்காது என்று பயம். கேட்காமல் இருந்ததற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டாள். பிறகு அதை எழுதிவிட்டாள். எழுதியதும் கேட்டுவிட்ட மாதிரியே இருந்தது.

காரணம்தானே வேண்டும்? அம்மாவின் மனதுக்குள் நடப்பதை விரித்து எழுதினாள். விசுவாசம், பயம், தனிமை, பஸ் ஜன்னலின் அழுக்கு எல்லாம் வந்தது. தான் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்று பட்டது.

'பக்கம் 9 முதல் 12 வரை அம்மா யோசிக்கிறார். மகளிடம் ஒரு வரி பேசவில்லை,' என்று கருத்து வந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"எழுதத் தெரியாதவங்க எல்லாம் எழுதறவளுக்குப் பாடம் நடத்தறாங்க."

சத்யா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாரு?"

"உங்க ராஜமாணிக்கம் அங்கிள்தான். அவரு வெறும் தபால்காரரு. பின்னாடி சென்னையில பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க."

"என்னா சொல்றாங்க?"

"அம்மா ஜாஸ்தி யோசிக்கிறாளாம். பேச மாட்டேங்கறாளாம்."

சத்யா தோசையைச் சின்னதாகப் பிய்த்தாள். "அதுக்கு நீ என்னா பண்ணப் போற?"

"இன்னும் ரெண்டு பக்கம் சேக்கலாம்னு இருக்கேன். இன்னும் ஆழமா."

"சரி," என்றாள் சத்யா.

ஆனாலும் பிரிசில்லாவுக்குச் சந்தோஷம். ரொம்ப நாளைக்குப் பிறகு மகள் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள். நாவல் வருவதற்கு முன்பே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

அந்த ஞாயிறு கிளையில் பொறுப்புகள் அறிவித்தார்கள். அந்தச் சபையில் சும்மா உட்கார யாருக்கும் அனுமதி இல்லை. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பொறுப்பு உண்டு. பிரிசில்லாவுக்குச் சிறுவர் வகுப்பு, ராஜமாணிக்கத்தின் மனைவி சௌந்தரத்துக்குப் பெண்கள் சங்கம். இளம்பெண்கள் வகுப்பின் தலைவியாகச் சத்யப்பிரியா தொடர்வாள் என்றும், சம்மதிப்பவர்கள் வலது கையை உயர்த்தலாம் என்றும் ராஜமாணிக்கம் சொன்னார். எல்லோரும் உயர்த்தினார்கள். சத்யாவும் உயர்த்தினாள். அந்த வகுப்பில் வேறு ஆள் இல்லை. தலைவியும் அவள்தான், வகுப்பும் அவள்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரிசில்லா சிரிக்கவில்லை. நாவலின் நான்காம் அத்தியாயத்தில் இதையும் எழுதியிருந்தாள், கொஞ்சம் வேடிக்கையாகவே.

அன்று சாயங்காலமே கருத்து வந்தது. 'அத்தியாயம் 4. வகுப்பில் ஒரே பெண் என்பது நகைச்சுவையாக எழுதப்பட்டுள்ளது. அந்தப் பெண்ணுக்கு அது நகைச்சுவை அல்ல. மேலும், நித்யா என்ற பெயரை மாற்றவும்.'

நித்யாவைத் திவ்யா ஆக்கினாள்.

'பெயர் மாறினால் போதாது. கண்ணாடியையும் கழற்றவும்.'

கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றியதும், கண்ணாடியில் ஆவி படிகிற இடம் போயிற்று. அது போனதும் டீக்கடைக்கு வேலை இல்லாமல் போயிற்று. டீக்கடை போனதும், அம்மா எதை நினைத்துப் பக்கம் பக்கமாகக் கலங்குகிறாள் என்று யாருக்கும் புரியாமல் போயிற்று. பிரிசில்லா கலக்கத்தை மட்டும் விட்டுவைத்தாள்.

திருத்தியதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள். காசிம் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்குப் புரட்டினார்.

"ஏம்மா, இந்த அம்மா எதுக்கு அழுவுது?"

"மனசு பாய்."

"மனசுதான். எதுக்குன்னு கேக்கறேன். பொண்ணு நல்லாப் படிக்குது, கண்ணு நல்லாத் தெரியுது, டீயும் குடிக்கல. இப்பிடி ஒரு பொண்ணு இருந்தா எங்க வூட்ல நாங்க ஏன் அழுவறோம்?"

பிரிசில்லா கைபேசியை எடுத்து வந்த கருத்துகளை எல்லாம் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"இத யாரு எழுதறா?"

"சென்னையிலேருந்து வருது. பெரிய கமிட்டி."

"அந்தக் கமிட்டியில ஒருத்தருக்கு நல்லாப் படிக்கத் தெரியுது," என்றார் காசிம் பாய். "நான் சொன்னாலும் இதத்தான் சொல்லியிருப்பேன். இவ்ளோ நல்லாச் சொல்லியிருக்க மாட்டேன்."

பிரிசில்லாவுக்கு அது பிடிக்கவில்லை.

அட்டையில் 'மார்மன்' என்று போடலாமா என்று கேட்டார். அந்தப் பெயர் இப்போது வேண்டாம் என்று சபையில் சொல்லியிருக்கிறார்கள், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுசாகத்தான் போட வேண்டும் என்றாள்.

"அதப் போட்டா அட்டையில உங்க பேருக்கு எடம் இல்லம்மா."

கடைசி அத்தியாயத்தை மட்டும் யாரும் தொடவில்லை என்று பிரிசில்லா ஆறுதலாக இருந்தாள். அதில், உபவாச ஞாயிறு அன்று, அம்மாவும் மகளும் சமையலறையில் முழங்கால்போட்டு ஜெபிக்கிறார்கள். எழும்போது அம்மா மகளைக் கட்டிக்கொள்கிறாள். மகள் அம்மாவின் தோளில் அழுகிறாள். அதை எழுதியபோது பிரிசில்லாவும் அழுதாள். பக்கத்து அறையில் சத்யா மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அதற்கும் வந்தது.

'கடைசி அத்தியாயம். அம்மா மகளைக் கட்டிக்கொள்வது நம்பும்படி இல்லை. இதற்கு முன் புத்தகத்தில் எங்காவது ஒரு முறையாவது தொட்டிருக்க வேண்டும். இந்தப் புத்தகம் வெளிவர வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

பிரிசில்லா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை நாளும் பெயரை மாற்றினாள், கண்ணாடியைக் கழற்றினாள், பிஸ்கட்டைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் புத்தகமே வேண்டாம் என்கிறார்கள். அவளை அதைவிடச் சுட்டது 'ஒரு முறையாவது' என்ற வார்த்தை. ஒரு முறையாவது தொட்டிருக்க வேண்டுமாம். தொடாமலா வளர்த்தாள்? கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். உடனே ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராத கோபமும் சென்னையின் மேலேயே திரும்பியது.

காசிம் பாய்க்குப் போன் செய்தாள். "பாய், பழையபடியே போட்டுருங்க."

"எந்தப் பழையபடி?"

"மொதல் மொதல்ல எழுதுனது. நித்யா, கண்ணாடி, டீ, எல்லாம். பிஸ்கட் உட்பட."

"வேணாம்னு சொல்றாங்களே?"

"அதனாலதான்."

மறுமுனையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. "தடைன்னா நல்லாப் போகும்மா. முன்னுரையில அதையும் ஒரு வரி எழுதிக் குடுங்க. பின்னட்டையில போடறேன்."

அன்று ராத்திரியே எழுதினாள். நாவலை எழுத எவ்வளவோ காலம் பிடித்தது. முன்னுரைக்கு அந்த ஒரு ராத்திரியே போதுமாக இருந்தது. சத்யா தண்ணீர் குடிக்க வந்தவள் நின்றாள்.

"அவுங்க வேணாம்னு சொல்லியும் போடப் போறியாம்மா?"

"ஆமா."

"ஒருவேள அவுங்க சொல்றதுல ஏதாவது…"

"என்னா இருக்கு? பதினாறு வயசுப் பொண்ணு மனசப் பத்தி அவுங்களுக்கு என்னா தெரியும்?"

சத்யா செம்பைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். சொல்ல ஏதோ இருப்பது மாதிரி இருந்தது. பிரிசில்லா ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள், விட்டால் போய்விடும். "என்னாடி?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சார்ஜர் எங்க?" என்றாள் சத்யா.

வெளியீட்டு விழா ஒரு சனிக்கிழமை, சிதம்பரம் கீழவீதியில் அச்சகத்துக்கு மேலே உள்ள சின்ன அறையில் நடந்தது. கடலூரிலிருந்து சபையார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். ராஜமாணிக்கமும் வெள்ளைச் சட்டை, டை சகிதம் வந்தார். தடை விதித்தவர் இவ்வளவு மலர்ச்சியாகக் கை குலுக்குவதைப் பிரிசில்லாவால் தாங்க முடியவில்லை.

"வாழ்த்துகள் சிஸ்டர். புத்தகம் போடறதுன்னா சும்மாவா," என்றார். பிறகு தயக்கத்தோடு, "அந்தக் கருத்துங்க எதாவது உதவுச்சா?" என்று கேட்டார்.

"ரொம்ப," என்றாள் பிரிசில்லா பல்லைக் கடித்துக்கொண்டு.

மேடைக்கு வந்ததும் முதல் பிரதியைச் சத்யாவின் கையில் கொடுத்தாள். எத்தனையோ தரம் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி. சத்யா வாங்கினாள். நேராக முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்தாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடினாள். எதேச்சையாகப் பிரித்த பக்கமே அதுவாக அமைந்ததைப் பிரிசில்லா தேவனின் கருணை என்று நினைத்தாள்.

பிறகு மைக்கைப் பிடித்து முன்னுரையை வாசித்தாள். ராஜமாணிக்கத்தைப் பார்த்தே வாசித்தாள்.

"ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் மனதுக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்திராத சிலர், அவள் எதைச் சாப்பிட்டிருக்க மாட்டாள், எதை நம்ப மாட்டாள் என்று எனக்குச் சொல்ல வந்தார்கள். நான் அவளைப் பெற்றவள். அவர்களுடைய குரலை மீறி இந்தப் புத்தகம் வெளிவருகிறது. என் மகளுக்கு."

காசிம் பாய்தான் முதலில் கை தட்டினார். ராஜமாணிக்கமும் தட்டினார், எதற்கென்று புரியாமல்.

டீயும் பிஸ்கட்டும் தட்டில் வந்தன. சபையாருக்குத் தனியாகப் பாதாம் பால். சத்யா பாதாம் பாலைத் தாண்டிப் போய், டீ கிளாஸ் ஒன்றை எடுத்தாள். அம்மாவுக்கு நேராக வந்து நின்று, ஊதி ஊதிக் குடித்தாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. குடித்து முடிக்கும் வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிரிசில்லாவுக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இவ்வளவு பேர் நடுவில் வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிய பக்கத்தில் சௌந்தரம் நின்றிருந்தாள், கையில் பாதாம் பாலோடு.

"என்னா கண்ணு, அவரப் பாத்தே மொறைச்சு மொறைச்சுப் படிச்ச?"

"பின்ன என்னாக்கா? எம்பொண்ணு மாதிரி ஒரு பொண்ணோட மனச, அவரு பக்கம் பக்கமாப் படிச்சுட்டு, இது தப்பு அது தப்புன்னு எழுதி அனுப்புவாரா?"

சௌந்தரம் சிரித்தாள். "அவரு எங்க படிச்சாரு? மீட்டரப் படிச்சதோட சரி அவரு. வயசுப் புள்ளைங்களுக்கான புஸ்தகம், இளம்பெண்கள் தலைவிதான பாக்கணும்னு, நீ கவரக் குடுத்த அன்னிக்கே அத அப்பிடியே சத்யா கையில குடுத்துட்டாரு."